பதினோரு அர்ரோபா மனிதர்

ஓர் ஊரில் பெருத்த தொந்திக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய எடை பதினோரு அர்ரோபா. அடுத்த வீட்டுக்காரர் ஒல்லி. அவர் எடை ஐந்தே அர்ரோபா. தொந்திக்காரருக்கு ஒரு நாள் என்ன தோன்றிற்றோ, ஒல்லியரை ஓட்டப் பந்தயத்துக்கு அழைத்துவிட்டார். நூறு தப்படி தூரம் ஓட வேண்டும். இருவரும் சம எடையோடு ஓட வேண்டும் என்பது நிபந்தனை. சம எடைக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ஒல்லியர் தம் முதுகில் ஆறு அர்ரோபா இரும்பைக் கட்டிக்கொள்ளட்டும்; கணக்குச் சரியாகிவிடும்" என்றார் தொந்திக்காரர்.

ஊர் இரண்டுபட்டது. அந்தச் சமயம் பார்த்து அவ்வழியே வந்த சாங்கோ பான்ஸாவிடம் வழக்குப் போயிற்று. அவன் எஜமானரான டான் க்விக்ஸாட், தம் மனம் கலங்கிக் கிடப்பதால் பதில் சொல்லும் பொறுப்பைச் சாங்கோவிடமே விட்டுவிட்டார். சாங்கோ அதிகம் யோசிக்கவில்லை. சவால் விட்டவர் தொந்திக்காரர். சவாலுக்கு ஆளானவன் தலையில் அவனைத் தோற்கடிக்கும் சுமையை ஏற்றுவது நியாயமா? ஆகவே தொந்திக்காரரே தம் உடம்பில் எங்கெங்கே வசதியோ அங்கங்கே செதுக்கி, ஆறு அர்ரோபா சதையைக் குறைத்துக்கொண்டு வரட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். கூடியிருந்த குடியானவர்களுக்குப் பரம திருப்தி. "ஆனால் இந்த மனிதர் ஓர் அவுன்ஸ் சதையைக் கொடுக்கவே சம்மதிக்க மாட்டாரே, ஆறு அர்ரோபாவுக்கு எங்கே போவது?" என்றான் ஒருவன். கடைசியில் பந்தயப் பணத்தில் பாதியை எடுத்து எல்லோரும் ஒயின் குடிப்பது என்று முடிவாயிற்று.

1615-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டான் க்விக்ஸாட்' இரண்டாம் பாகத்தில், அறுபத்தாறாவது அத்தியாயத்தில் வருகிறது இந்தக் கதை. கல்லூரி நாட்களில் நான் இதை இங்கிலீஷில் படித்துச் சிரித்திருக்கிறேன். அர்ரோபா என்றால் என்ன என்று அப்போது நான் கவலைப்படவே இல்லை. ஏதோ ஸ்பெயின் தேசத்து எடை, போகட்டும் என்று தாண்டிப் போய்விட்டேன். தொந்தி பெரிது என்று தெரிந்தால் போதாதா? கதை படிக்கிறவனுக்குத் தராசு எதற்கு?

பல வருஷங்களுக்குப் பிறகு, செர்வாண்டிஸை அவருடைய சொந்த பாஷையிலேயே படித்துப் பார்க்கவேண்டும் என்ற பேராசை பிடித்தது. கம்ப்யூட்டர் வழியாக ஓர் ஆசிரியை பாடம் சொல்லிக் கொடுத்தார். ஸ்பெயினின் மேற்குக் கோடியில் உள்ள எக்ஸ்ட்ரெமதூரா என்ற பிரதேசத்துக்காரர். முதல் பாடத்தின் முடிவில், வீட்டுப் பாடத்தை அனுப்பவேண்டிய மின்னஞ்சல் விலாசத்தை எழுத்து எழுத்தாகச் சொன்னார். எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் திடீரென்று "அர்ரோபா" என்றார்.

நான் பேனாவை நிறுத்தினேன். "டீச்சர், விலாசத்தின் நடுவில் எடைக்கல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு, ஆங்கில 'ஏ' எழுத்தைச் சுற்றி வால் வளைந்திருக்குமே, அந்தக் குறியை எழுதிக் காட்டினார். "இதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அது சரி, எடை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கே அது தெரியாது" என்றார். தொந்திக்காரர் கதையைச் சொன்னேன். அன்றைய பாடம் அரை மணி நேரம் நீண்டது. அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. அகராதிகளில் தேடத் தொடங்கினேன்.

அர்ரோபா அரபுச் சொல். அரபியில் 'ருப்' என்றால் கால் பங்கு. 'அல்' என்பது பெயர்ச் சொல்லுக்கு முன்னால் வரும் ஒட்டு. ர-கரத்துக்கு முன்னால் வரும்போது அந்த ஒட்டில் உள்ள ல-கரமும் ர-கரமாகிவிடும். ஆகவே 'அர்-ருப்'. அதுவே ஸ்பானிய நாவில் அர்ரோபா ஆயிற்று. இந்தச் சொல்லுக்கு உறவு ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கவிமணி தமிழில் பாடித் தந்தாரே உமார் கய்யாம் பாடல்கள், அவற்றுக்கு 'ருபாயத்' என்று பெயர். நான்கு அடிப் பாட்டு என்று பொருள். நான்கு என்ற ஒரே அரபு வேரிலிருந்துதான் கால் பங்கும் பிறந்தது, நாலடிப் பாட்டும் பிறந்தது.

சரி, கால் பங்கு என்றால் எதில் கால்? குவிண்டாலில் கால். இதுவும் நம் நெல் மண்டியில் தினமும் அடிபடுகிற சொல். லத்தீனில் நூறு என்ற சொல்லிலிருந்து கிளம்பி, கிரேக்கர் வழியாக அரபு தேசம் போய் 'கிந்தார்' ஆகி, அங்கிருந்து ஐரோப்பாவுக்கே திரும்பி 'கிந்தால்' ஆனது அது. இப்போது நம் ஊரில் 100 கிலோ. பழைய ஸ்பெயினில் 100 'லிப்ரா', அதாவது அவர்களுடைய பவுண்டு. அதில் கால் பங்கான 25 லிப்ரா ஓர் அர்ரோபா. காஸ்தில் ராஜ்யத்து லிப்ரா 460 கிராம். ஆகவே அர்ரோபா ஏறக்குறைய பதினொன்றரைக் கிலோ. நம் பழைய சென்னை மணங்கு 25 இங்கிலீஷ் பவுண்டு, எட்டு வீசை அல்லவா, கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்போது கணக்குப் பாருங்கள். தொந்திக்காரர் 126 கிலோவுக்கு மேல். ஒல்லியர் 57 கிலோ சொச்சம். ஒல்லியர் முதுகில் ஏற்ற நினைத்த இரும்பு 69 கிலோ. அவர் உடம்பையே விட அதிகம்! நாற்பது வருஷம் கழித்து அந்தக் கதைக்கு நான் மறுபடி சிரித்தேன். இந்தத் தடவை ஒல்லியருக்காகக் கொஞ்சம் கோபமும் வந்தது.

அர்த்தம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். அர்ரோபா எல்லா ஊரிலும் ஒன்று அல்ல. அரகோன் பிரதேசத்தில் அதற்கு 36 லிப்ரா; லிப்ரா அங்கே சிறியது, ஆனாலும் அர்ரோபா காஸ்தில் அர்ரோபாவை விட ஒரு கிலோ பெரிது. கத்தலோனியாவில் 26 லிப்ரா, 10.4 கிலோ. இரண்டு இடத்திலும் அது குவிண்டாலில் கால் என்பதுதான் பொது. போர்ச்சுகலில் 32 பவுண்டு, கிட்டத்தட்ட 14.7 கிலோ. எல்லை தாண்டும் வியாபாரி கழுதையோடு கணக்கையும் மாற்றிக் கட்டவேண்டும்.

இது எடையின் கதை. அர்ரோபாவை முகத்தலளவையாகவும் வழங்கினார்கள். எண்ணெய் அர்ரோபா 12.56 லிட்டர். இதற்காவது நியாயம் இருக்கிறது: ஆலிவ் எண்ணெய் தண்ணீரை விட லேசானது, பதினொன்றரைக் கிலோ எண்ணெய் அவ்வளவு இடத்தைத்தான் அடைக்கும். ஒயின் அர்ரோபாவோ 16.13 லிட்டர். அதில் எட்டில் ஒரு பங்குக்கு 'அஸும்ப்ரே' என்று பெயர். அதுவும் எட்டில் ஒன்று என்று பொருள்படும் அரபுச் சொல்தான். இவ்வளவும் போதாது என்று பேச்சு வழக்கில் வேறு ஓர் அர்த்தம். நாம் மூட்டை மூட்டையாக, வண்டி வண்டியாக என்கிறோமே, அந்த இடத்தில் அவர்கள் 'அர்ரோபாக் கணக்கில்' என்பார்கள். ஒருவனுக்குக் கர்வம் அர்ரோபாக் கணக்கில் இருக்கலாம். ஒருத்திக்கு அழகும் அப்படியே இருக்கலாம். எதையாவது அர்ரோபாக் கணக்கில் அள்ளி வீசுகிறவன் மிகைப்படுத்திப் பேசுகிறான் என்று அர்த்தம்.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கிறிஸ்தவ ராஜ்யமான ஸ்பெயினில் கால் பங்குக்கும் எட்டில் ஒரு பங்குக்கும் அரபுப் பெயர் எப்படி நிலைத்தது?

சரித்திரத்தைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. 711-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் இறங்கின. 1492-ல் கிரானடா நகரம் விழும் வரையில் அந்த மண்ணில் ஏதாவது ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட எண்ணூறு வருஷம். சர்க்கரை, அரிசி, பருத்தி, எண்ணெய், கிடங்கு இவற்றுக்கெல்லாம் ஸ்பானிஷ் மொழியில் வழங்கும் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. சரக்கு வந்த வழியே அதை நிறுக்கும் சொல்லும் வந்தது. சந்தைக்கு மதம் ஏது? நிறுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் புரிகிற சொல் எதுவோ அதுவே சந்தையின் சொல்.

கிரானடா விழுந்த பிறகு அங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம்கள் சில வருஷங்களில் ஞானஸ்நானம் பெறக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் 'மொரிஸ்கோ'க்கள் என்று பெயர். மதம் மாறியும் சந்தேகம் தீரவில்லை. 1567-ஆம் ஆண்டின் முதல் நாளில் கிரானடாவில் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை பறைசாற்றப்பட்டது. மூன்று வருஷத்துக்குள் மொரிஸ்கோக்கள் காஸ்தில் பாஷை கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அரபியில் பேசக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அரபியில் எழுதிய ஒப்பந்தம் செல்லாது. அவர்களுடைய உடையும் கூடாது என்றது ஆணை. அடுத்த வருஷமே கலகம் மூண்டது. அதை அடக்க 1571 வரை ஆயிற்று. கடைசியாக மூன்றாம் பிலிப் மன்னர் 1609-ல் அவர்களை நாட்டை விட்டே துரத்த ஆணையிட்டார். 1614-க்குள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் வட ஆப்பிரிக்காவில் கரையிறங்கினார்கள்.

அவர்கள் போன மறுநாளும் சந்தை கூடியிருக்கும். கோதுமையும் கம்பளியும் எண்ணெயும் விற்றிருக்கும். அரபியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சட்டம் போட்ட ராஜ்யத்தில், அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டிய மனிதர்களே தினமும் காலை முதல் மாலை வரை அர்ரோபா, அர்ரோபா என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது அரபு என்பது அவர்களில் எத்தனை பேர் நினைவில் இருந்திருக்கும்?

ஒருவருக்கு நினைவிருந்தது. அதனால்தான் நான் மறுபடியும் செர்வாண்டிஸிடம் போகிறேன்.

'டான் க்விக்ஸாட்' இரண்டாம் பாகம், மொரிஸ்கோக்களை வெளியேற்றி முடித்த மறு வருஷம் வெளிவந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அதன் ஐம்பத்து நான்காவது அத்தியாயத்தில் சாங்கோ வழியில் சில யாத்ரிகர்களைச் சந்திக்கிறான். அவர்களில் ஒருவன் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொள்கிறான். யாரென்று பார்த்தால் சாங்கோவின் ஊர்க் கடைக்காரன் ரிகோத்தே! மொரிஸ்கோ. நாடு கடத்தப்பட்டவன். ஊருக்கு வெளியே புதைத்து வைத்த பொருளை எடுத்துப் போக வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். பிடிபட்டால் உயிர் போகும். இருவரும் புல்தரையில் உட்கார்ந்து ஒயினும் ரொட்டியும் பகிர்ந்துகொள்கிறார்கள். போன இடங்களில் எல்லாம் ஸ்பெயினை நினைத்துத் தம் மக்கள் ஏங்குவதைச் சொல்கிறான் ரிகோத்தே. கூட வந்து உதவினால் இருநூறு பொன் தருவதாகவும் சொல்கிறான். சாங்கோ மறுத்துவிடுகிறான், ராஜத் துரோகம் கூடாதாம். ஆனால், "உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன்" என்கிறான்.

அந்த நாளில் ஒரு ஸ்பானிய எழுத்தாளர் எழுதக்கூடியது அவ்வளவுதான். மன்னரின் ஆணை நியாயமானது என்று ரிகோத்தேயின் வாயாலேயே சொல்லவும் வைத்திருக்கிறார். ஆனால் கடைக்காரனின் கண்ணீரை அவர் எழுதாமல் விடவில்லை. அவன் கடையில் தராசு இருந்திருக்கும். சாங்கோ அவனிடம் எத்தனையோ முறை சாமான் வாங்கியிருப்பான்.

அறுபத்தாறாவது அத்தியாயத்தில் சாங்கோ அர்ரோபா வழக்கைத் தீர்க்கிறான். அதற்கு அடுத்த அத்தியாயத்தில், யாரும் கேளாமலே, டான் க்விக்ஸாட் சாங்கோவுக்கு ஓர் இலக்கணப் பாடம் நடத்துகிறார். நம் ஸ்பானிஷ் மொழியில் 'அல்' என்று தொடங்கும் சொற்களெல்லாம் மூர்களின் சொற்கள் என்று சொல்லி, வரிசையாக ஏழு சொற்களை அடுக்குகிறார். அதில் ஒன்று உண்மையில் லத்தீன். பாவம், க்விக்ஸாட் பண்டிதருக்கு அங்கே கொஞ்சம் சறுக்கிவிட்டது. அர்ரோபாவை அவர் சொல்லவில்லை. 'அல்' அங்கே 'அர்' ஆகி ஒளிந்துகொண்டிருக்கிறது அல்லவா? முந்தின அத்தியாயத்தில் ஊரே கூடி நின்று உச்சரித்த மூர்ச் சொல் அவர் கண்ணில் படவில்லை. இதைக் கண்டபோது, ரிகோத்தே மட்டும் அல்ல, இந்தச் சொல்லும் வேஷம் போட்டுக்கொண்டுதான் ஊருக்குள் நடமாடியது என்று எனக்குத் தோன்றியது. செர்வாண்டிஸ் வேண்டுமென்றே இப்படி அடுத்தடுத்து வைத்தாரா என்று கேட்டால், நான் சத்தியம் பண்ண மாட்டேன். நாவல் எழுதுகிறவர்களுக்குச் சில சமயம் கை தானாக எழுதும்.

இந்தச் சொல்லுக்கு இரண்டாவது கண்டம் சந்தையிலேயே வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்று வகுத்து, அதைக் கொண்டு உலகம் முழுவதற்கும் ஒரே அளவு செய்யப் புறப்பட்டார்கள். ஸ்பெயினிலிருந்து கப்பற்படை அதிகாரியும் கணித நிபுணருமான கப்ரியேல் சிஸ்கார் பாரிஸ் மாநாட்டுக்குப் போய்வந்து, 1800-ல் புதிய தசாம்ச அளவைகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1849 ஜூலை 19-ல் இரண்டாம் இஸபெல் ராணியின் அரசாங்கம் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியது. மக்கள் எல்லோருக்கும் அது கட்டாயம் என்று ஆக 1880 பிறக்கவேண்டியிருந்தது. இந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு ஓர் அர்ரோபா என்றால் ஏமாறுகிறவன் எப்போதும் எளியவன்தான். நம் நாட்டிலும் 1958-ல் கிலோ வந்தபோது வீசைக்காகப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. ஆனால் கிலோவால் ஏமாறியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

சட்டம் வந்தது, சொல் போகவில்லை. என் ஆசிரியையின் பிரதேசத்தில் ஓக் மரக்காடுகளில் பன்றிகளை மேயவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் உதிரும் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும் பன்றியின் தொடை இறைச்சிக்கு அங்கே ஏக கிராக்கி. இந்தப் பன்றிகளைப் பற்றி 2014-ல் அரசாங்கம் ஒரு விதி செய்தது. காட்டில் மேயப் போகும்போது மந்தையின் சராசரி எடை 92 முதல் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும்; அறுபது நாளுக்கு மேல் மேய்ந்து, குறைந்தது 46 கிலோ கூட வேண்டும் என்கிறது விதி. இதென்ன விசித்திரமான எண்கள்? 90 என்றும் 45 என்றும் போட்டிருக்கக் கூடாதா? பதினொன்றரையால் வகுத்துப் பாருங்கள். எட்டு, பத்து, நான்கு. மேய்ப்பன் வாயில் இருந்த அர்ரோபாவைத்தான் சட்டம் கிலோவாக எழுதியிருக்கிறது! ஆசிரியையிடம் சொன்னேன். "என் தாத்தா பன்றியைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை அர்ரோபா என்பார். கிலோவில் கேட்டால் பேசாமல் இருந்துவிடுவார்" என்றார்.

கடல் தாண்டியும் அது வாழ்கிறது. பிரேஸில் தேசத்தில் மாட்டு வியாபாரம் இன்றும் அர்ரோபாக் கணக்கில்தான். அங்கே அது 15 கிலோ. கொலம்பியாவில் 12.5 கிலோ, காப்பி விலை சொல்லும் 125 கிலோச் சுமை பத்து அர்ரோபா. கிலோவுக்குத் தலைவணங்கி, தன் உடம்பைச் சற்றே திருத்திக்கொண்டு, பெயரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது.

இனி விலாசத்தின் நடுவில் வந்த அந்தக் குறி. பழைய வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களில் அர்ரோபா என்று முழுக்க எழுத நேரமில்லை. முதல் எழுத்தைப் போட்டு ஒரு வாலைச் சுழற்றிவிடுவார்கள். 1536 மே மாதத்தில் செவில் நகரிலிருந்து பிரான்செஸ்கோ லாபி என்ற பிளாரன்ஸ் வியாபாரி ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்காவிலிருந்து கப்பல்கள் வந்த சேதியோடு ஒயின் விலையும் வருகிறது. அதில் 'அம்போரா' என்ற ஜாடி அளவுக்கு இதே சுழித்த குறியைப் போட்டிருப்பதை, இத்தாலியப் பேராசிரியர் ஜோர்ஜோ ஸ்தாபிலே 2000-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். இங்கிலீஷ்காரர்கள் அதே குறியை 'இன்ன விலை வீதம்' என்பதற்கு வைத்துக்கொண்டார்கள். அதனால் டைப்ரைட்டரிலும் அதற்கு ஒரு சாவி கிடைத்தது. 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க எஞ்சினீயர், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வேறொன்றுக்குக் கடிதம் அனுப்ப வழி செய்தபோது, ஆளின் பெயருக்கும் இயந்திரத்தின் பெயருக்கும் நடுவே வைக்க அந்தச் சாவியைத் தேர்ந்தெடுத்தார். மற்ற தேசத்தார் புதுக் குறிக்குப் பெயர் தேடித் திண்டாடினார்கள். இத்தாலியர் நத்தை என்றார்கள். டச்சுக்காரர் குரங்கு வால் என்றார்கள். ஸ்பானியர்களுக்குச் சிரமமே இல்லை. அவர்கள் வீட்டுக் கணக்கில் அதற்கு எப்போதோ வைத்த பெயர் தயாராக இருந்தது.

இப்போது அந்தச் சொல்லுக்கு எடையே இல்லை. ஸ்பெயினில் கோடிக்கணக்கானவர்கள் நாள்தோறும் அதை உச்சரிக்கிறார்கள். பேசக் கூடாது என்று ஆணை போட்டுத் தடுத்த பாஷையின் சொல், இப்படி ஒவ்வொருவர் விலாசத்தின் நடுவிலும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சந்தோஷம் முழுசாக இல்லை. சொல் தங்கிவிட்டது, சொல்லைக் கொண்டுவந்தவர்களின் பேரப் பிள்ளைகள் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று ஈடாகுமா?

வீட்டுப் பாடத்தை எழுதி முடித்து, ஆசிரியையின் விலாசத்தைப் போட்டேன். நடுவில் அந்தச் சுழித்த வாலைப் போடும்போது, கட்டை வண்டியும் கழுதையும் நிறைந்த ஒரு சந்தையும், அதன் ஓரத்தில் யாத்ரிகன் வேஷத்தில் தன் பழைய கடையைப் பார்த்தபடி நிற்கும் ரிகோத்தேயும் என் நினைவுக்கு வந்தார்கள். கடிதம் ஒரு விநாடியில் போய்ச் சேர்ந்துவிட்டது.